பேக்கப் ஸ்கிரிப்ட் நாட்குறிப்பு: பைத்தானிலிருந்து ஷெல் கட்டளைகள்

2025 மார்ச் 3, திங்கள்

பேக்கப் ஸ்கிரிப்டில் ஷெல் கட்டளைகளை ஓட்டும் ஓஎஸ்.சிஸ்டம் அழைப்புகளை எல்லாம், அதே வேலைக்கான பைத்தானின் இன்னொரு வழியான சப்ப்ராசஸ்.ரன்னுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. லினக்ஸில் ஓஎஸ்.சிஸ்டம் தருவது எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்; பொதுவாக 0 என்றால் வெற்றி) அல்ல, அதை உள்ளே பொதிந்த வெயிட் ஸ்டேட்டஸ் என்ற வேறொரு எண். கட்டளை 1 என்று முடிந்தால் கைக்கு வருவது 256. அதை அப்படியே, ஸ்கிரிப்டை முடிக்கும் சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுத்தால் கடைசி 8 பிட் மட்டும் எஞ்சி 0 ஆகிவிடும். தோற்ற பேக்கப் வெற்றிக் கணக்கில் ஏறிவிடும்!

மார்ச் 4, செவ்வாய்

ரன் தானாகப் பிழை எழுப்பாது. செக்=ட்ரூ கொடுத்தால்தான், கட்டளை தோற்றபோது கால்ட்ப்ராசஸ்எரர் என்ற பிழை வரும். அந்தச் செய்தியில் கட்டளையும் கோடும் மட்டுமே இருக்கும். காரணம் ஸ்டெடெரில் (கட்டளை பிழைச் செய்திகளை எழுதும் தனி வெளியீட்டில்) கிடக்கும். கேப்சர்_அவுட்புட்=ட்ரூ வைத்துப் பிடித்து, அதையும் லாகில் எழுதியாக வேண்டும்.

எல்லாக் கட்டளைக்கும் செக் பொருந்தாது. உரையில் தேடும் கிரெப் 1 தந்தால் தேடியது இல்லை என்றே பொருள்; 2 தான் பிழை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கின் 24, நகலெடுக்கும்போதே சில கோப்புகள் மறைந்ததைச் சொல்வது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அது சகஜம், எச்சரிக்கையாகப் பதிந்தால் போதும்.

மார்ச் 6, வியாழன்

மிக ஆபத்தான இடம் இதுதான்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி_டம்ப்பின் வெளியீட்டை, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) வழியாகச் சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு அனுப்பும் வரி. பைப்பின் முடிவு கடைசிக் கட்டளையின் முடிவு. டேட்டாபேஸ் இணைப்பே கிடைக்காமல் பிஜி_டம்ப் விழுந்தாலும், ஜிஜிப் வெறுமையைச் சுருக்கி 0 தரும். மிஞ்சுவது 20 பைட் கோப்பு. செக்=ட்ரூ இருந்தும் பயனில்லை.

ஷெல் பாஷ் என்றால் செட் -ஓ பைப்ஃபெயில் போதும்; பைப்பில் எது தோற்றாலும் முழுதும் தோற்றதாகும். ஆனால் ரன்னுக்கு ஷெல்=ட்ரூ கொடுத்தால் அது கூப்பிடுவது /bin அடைவிலுள்ள எஸ்ஹெச்சை; டெபியனிலும் உபுண்டுவிலும் அது டாஷ் என்ற வேறு ஷெல். எக்ஸிக்யூட்டபிள் அளவுருவில் பாஷின் பாதையைத் தர வேண்டும். இங்கே பைப்பையே எடுத்தாயிற்று: பிஜி_டம்ப்பின் கஸ்டம் ஃபார்மேட் தானே சுருக்கிக்கொள்ளும். கட்டளையும் ஒரே வரியாக அல்லாமல், ஷெல் இல்லாமல், சொற்களின் பட்டியலாகப் போகிறது. கோப்புப் பெயரில் இடைவெளியோ அரைப்புள்ளியோ இருந்தாலும் ஷெல் அதைத் தொடாது.

மார்ச் 10, திங்கள்

டைம்அவுட் 1800 விநாடி. ஷெல் வழியாக ஓடும் வேலையில் நேரம் தீர்ந்தால் ரன் கொல்வது ஷெல்லை மட்டும். அந்த ஷெல் தொடங்கிவைத்த கட்டளை தொடர்ந்து ஓடலாம். அப்படிப்பட்ட இடத்தில் ரன்னுக்குப் பதில் போப்பன், கட்டளையைத் தனிக் குழுவாக்க ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ, பிறகு குழு முழுவதையும் கொல்ல ஓஎஸ்.கில்பிஜி.

நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றால் நேரடி அழைப்பில் ரிட்டர்ன்கோட் (ரன் தரும் முடிவு எண்) -9, ஷெல் வழியாக 137 ஆகவும் வரலாம். இரண்டையும் ஒரே பிழையாகக் கையாள வேண்டும். கட்டளையே கிடைக்காதபோதும் இதே இரட்டை முகம்: ஷெல்லில் 127, பட்டியலில் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் க்ரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) குறுகியது என்பதால், ஆர்சிங்க்குக்கும் பிஜி_டம்ப்புக்கும் முழுப் பாதை எழுதியாயிற்று.