ஒம்பது வயசுப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வர எட்டு மாசம் அலைஞ்சோம்

முதல்லயே சொல்லிடறேன், எங்களுது இன்னும் தத்து ஆகல. ஃபாஸ்டர் கேர். வளர்ப்புப் பராமரிப்புன்னு ஃபார்ம்ல இருக்கும், ஜே.ஜே. சட்டம் (சிறார் நீதிச் சட்டம்) 44வது பிரிவு. புள்ள நம்ம வீட்டுல வளரும், ஆனா சட்டப்படி இன்னும் நம்ம புள்ள ஆகாது. இந்த வித்தியாசம் புரியாம ஆபீஸ் வாசல்ல நின்னு நான் பட்டது போதும்னுதான் எழுதறேன்.

எங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டினா 91. தத்துக்கு ரெண்டு வயசுக்குள்ள குழந்தைன்னா கூட்டு வயசு 85 தாண்டக்கூடாது, நாலு வயசு வரைக்கும்னா 90. ஒரே ஒரு வயசுல போச்சு. சரி, பெரிய புள்ளையாவே பாப்போம், வந்து இருக்கட்டும், நம்மள அதுக்கும் புடிக்கணும்ல, அப்பறம் தத்து கேப்போம்னு இந்த வழிக்கு வந்தோம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன மொத நாளே அங்க இருந்த க்ளார்க் சொல்லிட்டார், "அஞ்சு வருஷம் வளர்த்தாத்தாம்மா தத்து கேக்க முடியும், அதுவரைக்கும் பேசக்கூடாது." பஸ்ல கும்பகோணம் வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தேன். அஞ்சு வருஷம்ங்கிறது பழைய கணக்கு, 2024ல மத்திய அரசு விட்ட மாதிரி வழிகாட்டுதல்ல 2 வருஷமா குறைச்சாச்சு. அடுத்த தடவ அத பிரிண்ட் எடுத்து, அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் போட்டு நீட்டினேன். கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு "எங்களுக்கு இன்னும் வரலயே"ங்கறார். நல்லவேளை உள்ள இருந்த ஆபீசர் அம்மா வாங்கிப் படிச்சுட்டு உட்காரச் சொன்னாங்க. வாயால பேசாதீங்க, பேப்பரோட போங்க, ரெண்டு காப்பி வச்சுக்கோங்க.

மெடிக்கல் சர்டிபிகேட்ல இன்னொரு கூத்து. கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, டாக்டரோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லன்னு திருப்பிட்டாங்க. மறுபடி போனா டாக்டர் முகாமுக்குப் போயிருக்காராம். சம்பா நடவு நேரம், ஆள விட்டுட்டு வந்த எங்க வீட்டுக்காரர் முகத்த பாக்கவே பயமா இருந்துச்சு. வருமானச் சான்றுக்கு இ-சேவையில போட்டது ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கிட்ட மூணு வாரம் தூங்குச்சு. விவசாயக் குடும்பம்னா இத முதல்ல போட்டுட்டு மத்ததுக்கு அலைங்க.

வீட்டுக்கு வந்து பாத்தது, கவுன்சலிங், குழந்தைகள் நலக் குழு ஆர்டர் எல்லாம் நல்லபடியாவே போச்சு. மே கடைசியில கூட்டிட்டு வந்துட்டோம்.

ஸ்கூல்லதான் மாட்டினோம். டி.சி. இல்லாம சேக்க மாட்டேன்னாங்க. அந்தப் பக்கம் பழைய ஸ்கூல்ல அவளோட எமிஸ் நம்பர (ஆன்லைன் மாணவர் பதிவு) வேற ஸ்கூல் எடுத்துக்கற மாதிரி காமன் பூலுக்குத் தள்ளவே இல்ல, லீவு முடியட்டும்ங்கறாங்க. மூணு தடவ நடந்தேன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளின்னா டி.சி. லேட்டாகுதுன்னு காரணம் சொல்லி சேக்க மறுக்கக்கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவுலயே இருக்கு. இத ஒரு மனுவா எழுதிக் குடுத்து, வாங்கினதுக்கு கையெழுத்து கேட்டேன். அன்னைக்கு மத்தியானமே உள்ள உக்கார வச்சுட்டாங்க. எமிஸ் ஜூலையிலதான் வந்துச்சு, அது வேற கதை.

சொந்தக்காரங்க தனி. "மாசம் 4000 ரூபா கவர்மெண்ட் குடுக்குதாமே"ன்னு ஒரு அத்தை தெருவுல கேட்டாங்க. குடுக்கறாங்கதான், புள்ள செலவுக்கு. எங்க கொழுந்தனார் ஆசையா அவ போட்டோவ வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வச்சுட்டார், ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு எடுக்கச் சொன்னேன். இந்தப் புள்ளைங்க அடையாளம் வெளிய வரக்கூடாது, 74வது பிரிவு. வீட்டு ஆளுங்களுக்கு முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

ஆனா எந்தப் பேப்பர்லயும் இல்லாத, யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. வந்த மூணாம் நாள், கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தார். சாப்பிட்டுட்டு இருந்தவ எந்திரிச்சு, கைய அவசரமா பாவாடையில துடைச்சு, சுவரோரமா நிமிந்து நின்னு "வணக்கம் சார்"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு திருக்குறள் ஒப்பிச்சா. அந்த மனுஷன் மீட்டர பாக்கறதா இவள பாக்கறதான்னு நிக்கிறார். அவ முன்னாடி இருந்த குழந்தைகள் ஹோமுக்கு யார் வந்தாலும் அப்படித்தான் நிக்க வைப்பாங்களாம். கருவேப்பிலை கேக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் குறள். யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரியாதுல்ல, அதான் எல்லாருக்கும்.

"அத்தே, எனக்கு பெரிய ஆர்டர் எப்ப வரும்?"னு கேப்பா. சின்ன ஆர்டர் ஃபாஸ்டருக்கு, பெரிய ஆர்டர் தத்துக்கு, அவளே வச்ச பேரு. பெரிய ஆர்டர் இப்ப கோர்ட்ல இல்ல, கலெக்டர் கையெழுத்து போடணும், 2022 செப்டம்பர்லேர்ந்து அப்படித்தான். அதையும் கேட்டு வச்சிருக்கா. "அடுத்த பொங்கலுக்குள்ள"ன்னு நான் ஒருதடவ வாய் தவறி சொல்லிட்டு இன்னைக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன். தேதி சொல்லாதீங்க. ரெண்டு வருஷம் ஆகணும், அதுக்கப்பறமும் பேப்பர் நடக்கணும், அவ சம்மதமும் கேப்பாங்க, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்னு உள்ளத சொல்லுங்க. நான் இப்ப அப்படித்தான் சொல்றேன், மூஞ்சிய தூக்கி வச்சுட்டு ஆத்துப் பக்கம் போயிடறா. மே மாசம் வந்தப்ப அரசலாறு வெறும் மணல், "ஆறு எங்க?"ன்னு கேட்டவ. மேட்டூர் தொறந்து தண்ணி வந்த அன்னைக்கு ஸ்கூல் பையோட படித்துறையிலயே உக்காந்துட்டா, சாயங்காலம் தேடிப் போய் கூட்டிட்டு வந்தோம்.

பதினாலு மாசம் ஆச்சு. மாசா மாசம் ஆபீஸ்லேர்ந்து அவள பாக்க வருவாங்க. தனியா உக்கார வச்சு எப்படி இருக்கன்னு கேப்பாங்க, இவ ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நல்லாருக்கு மேடம்"னு ஒப்பிப்பா. போன வாரம் வந்தப்ப நான் அடுப்படியில காபி போட்டுட்டு இருக்கேன், கூடத்துலேர்ந்து சத்தமா கேக்குது, "வாரத்துல மூணு நாள் கத்திரிக்காய் போடறாங்க மேடம், சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க." அந்தம்மா சிரிக்காம ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டாங்க.