தள்ளத் தள்ளப் பெரிதான பாட்டில்

குடியை நிறுத்தச் சிகிச்சையில் சேர்ந்திருப்பவர்கள், மதுப் படங்களைத் தள்ளிவிடப் பழக்கும் கணினிப் பயிற்சி தொடங்கும்போதே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் திரையில் படம் சுருங்க வேண்டும். தன் பக்கம் இழுத்தால் பெரிதாக வேண்டும். எனக்கு நேர்மாறாக நடந்தது.

அகலவாக்கில் வரும் படத்தைத் தள்ளு, உயரவாக்கில் வருவதை இழு என்பதுதான் கட்டளை. மதுப் படங்கள் எல்லாம் அகலவாக்கில்தான் வரும், குளிர்பானங்கள் உயரவாக்கில். பாட்டிலைக் கண்டதும் யோசிக்கும் முன்பே கை அதை நோக்கிப் போகிறதே, அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இவ்வளவும். நான் தள்ளத் தள்ள, பிராந்தி பாட்டில் முகத்துக்கு நேரே வளர்ந்து வந்தது!

பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். "வெறும் விளையாட்டுதானே சார், முடித்துவிட்டுப் போங்கள்" என்றார். கை நடுக்கம் அப்போதுதான் நின்றிருந்த எனக்கு அந்தப் பதில் இன்னும் ஆறவில்லை. செவிலியரிடம் போனேன், அவர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அலுவலகம் மறுபடி அதே அறைக்கு அனுப்பியது.

இந்தப் பயிற்சியைப் பற்றி 2021-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், உள்நோயாளிகள் 300 பேர் பங்கேற்றார்கள். வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 54.4 சதவீதம், ஒப்பிடுவதற்காகப் போலிப் பயிற்சி பெற்றவர்களில் 42.5 சதவீதம். அங்கே கொடுத்தது நான்கே அமர்வுகள். அப்படியிருக்க, ஓர் அமர்வு தலைகீழாகப் போனாலும் நஷ்டம் சிறியதா? இதையே எழுதி உளவியலாளரிடம் நேரில் கொடுத்தேன்.

அவர் ஜாய்ஸ்டிக்கை ஒருமுறை அசைத்ததும் புரிந்துகொண்டார். கருவியை மாற்றியபோது திசை அமைப்பு புரண்டிருக்கிறது. பழைய அமர்வுகளை ரத்து செய்து, எனக்கு முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்களையும் திரும்ப அழைத்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.



மாத்திரையின் தூக்கக் கலக்கம் இருக்கும் நேரத்தில் அமர்வு போட்டால், வேறு நேரம் கேளுங்கள். நீங்கள் குடித்த வகை படங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராந்தி குடித்தவருக்கு ஒயின் கிண்ணம் என்ன செய்யும்? ஆலோசனை நேரத்தைக் குறைத்து இதைக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இது அதோடு சேர்த்துச் செய்வது. படங்களைப் பார்த்த பின் எனக்கு ஆசை கிளறியது. அதனால் ஆலோசகரைச் சந்திக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக அமர்வை மாற்றித் தரும்படி கேட்டேன். அதற்கு மட்டும் உடனே சம்மதித்தார்கள்.