தாது தேடுவோரும் வரிக் கணக்கும்

தி.நகரில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்துக்குச் சென்ற வாரம் வந்த நண்பர், துளையிட்டு எடுத்த மணிக்கட்டுத் தடிமனுள்ள பாறை உருளையொன்றை என் மேசைமீது வைத்து, அதில் பித்தளை நிறத்தில் ஓடிய செம்புத் தாதுக் கீற்றைக் காட்டினார். ஆறு ஆண்டுத் தேடலின் பலன் அது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35இ பிரிவு, வணிக உற்பத்தி தொடங்கும் ஆண்டிலும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் கனிமத் தேடலுக்குச் செய்த செலவை மட்டுமே பத்து ஆண்டுகளில் பகுதி பகுதியாக வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தது. தேடலோ பெரும்பாலும் அதைவிட நீள்வதால், தொடக்க ஆண்டுகளின் செலவு அந்தச் சலுகைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதைப் பெரிய நிறுவனங்கள் தாங்கிவிடும். பங்குதாரர் பணத்தை மட்டுமே நம்பியிருக்கும் சிறு நிறுவனத்துக்கு இது பேரிழப்பு என்றே நான் கருதுகிறேன். துளையிடும் பில்லில் கட்டும் ஜிஎஸ்டியையும், விற்பனையே இல்லாத நிலையில் எதிலும் ஈடுசெய்ய முடிவதில்லை.

2024 ஜூலை பட்ஜெட்டில் ஏஞ்சல் வரி, அதாவது பட்டியலிடப்படாத நிறுவனம் தன் பங்குகளை நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கொடுத்துத் திரட்டும் உபரிப் பணத்தின்மீதான வரி, நீக்கப்பட்டது உண்மையிலேயே ஆறுதல். ஆனால் அதே மாதம் 25-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1989-இல் வந்த தீர்ப்பை மாற்றி, கனிம உரிமைகள்மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றது. நண்பரிடம் முதலீட்டாளர்கள் இப்போது முதலில் கேட்பது அந்த வரியைப் பற்றித்தான்.