பின்னால் வந்த பீக்

"கேபில்லரியை வெட்டினா பீக் முன்னாடிதானே சார் வரணும்? இது பின்னாடி வந்திருக்கே."

தடயவியல் லேபில் என் ஜூனியர் இதைக் கேட்டபோது, ஒரு பையனிடம் பிடிபட்ட போதைத் தாளைப் பற்றிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தேன். கேபில்லரி என்பது கருவிக்குள் பொருட்களைப் பிரிக்கும் மெல்லிய நீளக் குழாய். அதைக் கடந்து ஒரு பொருள் வெளிவரும்போது சார்ட்டில் எழும் மேடுதான் பீக். நாலு வருடமாகிறது. இன்றும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மற்ற சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. யூவி விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தது. நிறச் சோதனைக்கான எர்லிக் கரைசல் ஊதாவானது. பொருட்களைப் பிரித்து நிறை பார்க்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் எல்எஸ்டி என்ற போதைப்பொருளுக்கான நிறை எண்கள் 323, 221, 207, 181 எல்லாம் இருந்தன, கருவியின் நிறமாலைத் தொகுப்பான லைப்ரரியும் எல்எஸ்டி என்றது. ஆனால் எர்லிக் கரைசல் இண்டோல் என்ற வளைய அமைப்பு கொண்ட வேறு பல பொருட்களுக்கும் ஊதாவாகும். நீல ஒளியும் எல்எஸ்டி சேர்ந்த லைசெர்ஜிக் அமிலக் குடும்பத்தில் பலருக்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் லாம்பா என்று ஒன்று உண்டு. அதில் எல்எஸ்டியின் இரண்டு எத்தில் தொகுதிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெத்திலும் ஒரு புரோப்பைலும் இருக்கும். மொத்த அணுக்கள் அதேதான், நிறையும் அதே 323தான். நிறமாலையில் கீழ் எண்களில் சில கோடுகளின் உயரம் மட்டும் கொஞ்சம் மாறும். அதனால் பீக் வெளிவரும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்கு ஸ்டாண்டர்டை, அதாவது இன்னதென்று உறுதியான ஒப்பீட்டு மாதிரியை, அன்றைக்கே, அதே கருவியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களிடம் எல்எஸ்டி ஸ்டாண்டர்ட் தீர்ந்திருந்தது. லாம்பா ஸ்டாண்டர்ட் வாங்கியதே இல்லை. ஒப்பிட்டது சில மாதங்களுக்கு முன் ஓட்டிய பழைய சார்ட்டோடு. நடுவில் கேபில்லரி முனையை வெட்டியிருந்தோம். அப்படியென்றால் நேரம் குறைய வேண்டும், ஆனால் கூடியிருந்தது.

"செப்டம் கசிஞ்சிருக்கும்மா" என்றேன். அப்புறம், "லாம்பாவைச் செஞ்சு யாரு விக்கிறான்?" என்றும் கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. நான் சொன்ன இரண்டுமே தவறில்லை. செப்டம், அதாவது மாதிரியை ஊசியால் செலுத்தும் இடத்து ரப்பர் அடைப்பு, கசிந்தால் பீக் தாமதமாகலாம். தெருவில் லாம்பா கிடைப்பதும் அபூர்வம், எங்கள் தொழிலில் அதன் பெயர் அடிபடுவதே பெரும்பாலும் அளவை ஒப்பிட மாதிரியோடு கலக்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டாகத்தான். ஆனால் செப்டத்தை நான் கழற்றிப் பார்க்கவில்லை. யார் விற்கிறான் என்பது கருவி சொல்ல வேண்டிய பதிலும் இல்லை.

அவசரத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். புதிய ஸ்டாண்டர்டுக்கு அனுமதி, இறக்குமதி என்று மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தப் பையன் ரிமாண்டிலேயே கிடப்பானே என்று. அவனுக்காகத்தான் சீக்கிரம் முடித்தேன் என்று ரொம்ப நாள் நம்பினேன். யோசித்துப் பார்த்தால், என் ரிப்போர்ட் அவனை வெளியே விடவில்லை, உள்ளேதான் வைத்தது. போதைப்பொருள் சட்டத்தில் எல்எஸ்டிக்கு வணிக அளவு வெறும் 0.1 கிராம். அதைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

கூண்டில் ஏறியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள், நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றும் தேற்றிக்கொள்கிறேன். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 293-ஆவது பிரிவின்படி எங்கள் ரிப்போர்ட்டே சாட்சியம். தேவைப்பட்டால்தான் நீதிமன்றம் எங்களைக் கூப்பிடும். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும், கேட்காத ஒன்றை நானாகச் சொல்லியிருப்பேனா?

எட்டு மாதம் கழித்து இரண்டு ஸ்டாண்டர்டும் வந்தன. அவள்தான் ஓட்டினாள். எங்கள் கருவியில் லாம்பா எல்எஸ்டிக்குச் சற்றுப் பின்னால் வந்தது. அந்த இடைவெளி, நான் செப்டம் என்று தள்ளிவிட்ட அளவைவிடக் கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான். அப்படியானால் அது லாம்பா இல்லை என்று ஒரு நாள் தோன்றும். கேபில்லரியை வெட்டியதால் குறைந்திருக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று மறுநாள் தோன்றும். மிச்சத் தாள் எப்போதோ முத்திரையோடு நீதிமன்றத்துக்குத் திரும்பிவிட்டது.

இப்போது ஸ்டாண்டர்ட் அன்றே ஓடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் ஸ்டாண்டர்டே இல்லாத அந்த நாளில் இன்னொரு வழி இருந்தது. "லைசெர்ஜமைடு வகை, லாம்பாவிலிருந்து பிரித்தறிய இங்கே வசதி இல்லை" என்று எழுதியிருக்கலாம். ஒரு வரிதான். அது அன்று என் மனதில் வரவே இல்லையா, வந்தும் எங்கள் லேபின் குறையை எழுத்தில் வைக்கக் கூசினேனா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.