மூப்பு ஆய்வுக்கு அனுமதி எடுத்த பாடு: இழுத்தடித்தது வயதுதான்

ஒருவழியாக ஒழுக்கக்குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் முதியோரின் இரத்தத்தில் டி.என்.ஏ. மெதிலேற்றம் (டி.என்.ஏ.யில் மெதில் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டிக்கொள்வது; வயதோடு இது மாறும்) பார்க்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒப்புதல் படிவம், வெளிநாட்டு ஆய்வுகூடத்துடனான மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது, பங்குபற்றும் முதியோரின் வயதை உறுதிப்படுத்துவதில்.

ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட 'மணிக்கூடு' என்ற கணிப்பு முறை, டி.என்.ஏ.யில் 353 இடங்களின் மெதில் அளவை வைத்து வயதைக் கணிக்கிறது. இடையப் பிழை 3.6 வருடம், அதாவது பாதிக் கணிப்புகளில் பிழை இதற்குள்தான். ஒருவர் விரைவாக மூப்படைகிறாரா என்று அறிய, அந்தக் கணிப்பை உண்மை வயதோடு ஒப்பிடவேண்டும். உண்மை வயதே ஐந்து வருடம் பிசகினால் பிறகு என்ன ஆராய்ச்சி?

1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவர்கள் எத்தனையோ பேர். "64 புயலுக்கு என்ரை மூத்தவன் கைக்குழந்தை, பிள்ளை" என்று சொல்லும் அம்மாவுக்கு என்ன வயது போடுவது? உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பனவு எடுக்க உதவும், மணிக்கூட்டுக்கு உதவாது. அடையாள அட்டையையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். உத்தேசத்தை வைத்து எடுத்த அட்டையில் அதே உத்தேசம்தான் ஏறியிருக்கும்.

பழைய பதிவுகளைத் தேடித்தரச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். கோப்பைத் திறக்காமலே எழுதுவினைஞர் சொன்னார்: "பதிவு இல்லாத ஆக்களை விட்டிட்டு மற்ற ஆக்களை எடுங்கோவன், மிஸ்." இன்னும் ஆறவில்லை. 1944–45இல் நெதர்லாந்தில் போர்க்காலத்தில் வந்த டச்சுப் பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களிடம், ஆறு தசாப்தங்களுக்குப் பிறகும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மெதிலேற்றம் குறைந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பட்டினியும் இடம்பெயர்வும் உடம்பில் என்ன எழுதின என்று கேட்கத்தானே நானும் வந்தேன். பத்திரம் தொலைத்தவர்களை வெட்டிவிட்டால் யாரிடம் கேட்பது?

கடைசியில் கைகொடுத்தவை சாதகக் குறிப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலைச் சேர்வு இடாப்பு. தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போனால் வயதை ஏற்பது, ஒத்துப்போகாதவர்களைத் தனிக்குழுவாக வைப்பது என்று எழுதிக் கொடுத்தேன். குழு ஏற்றுக்கொண்டது. ஒருவரையும் வெட்டவில்லை!

முதல் விண்ணப்பத்திலேயே, வயது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு நிரல் போடுங்கள். சாதக ஓலையை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், வீட்டிலேயே படமெடுத்துக் கையோடு கொடுத்துவிடுங்கள். திகதி மாற்றும்போது தை, மாசிப் பிறப்புகளைக் கவனியுங்கள்: தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் அவை அடுத்த ஆங்கில வருடத்தில் விழும்.