இரவெல்லாம் இரைந்த பெட்டி

எங்கள் வீட்டில் கொம்பியூட்டருக்குப் பெயர் "பெட்டி". அம்மா வைத்தது. அவருக்கு ரிவியும் பெட்டிதான், பிரிஜ்ஜும் பெட்டிதான். எதைச் சொல்கிறார் என்பதை அவர் பார்க்கும் பக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். போன தவணை முடிவில் ஒரு நாள், இரவு பத்தரை மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ள, ஒண்ட பெட்டி இன்னும் இரையிது."

நான் நம்பவில்லை. தரம் 4 வினாத்தாளை அடித்து முடித்து, ஒன்பதரைக்கே ஷட் டவுன் கொடுத்துவிட்டு எழும்பியிருந்தேன். திரை கறுத்ததை என் கண்ணாலே பார்த்தேன். மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் இரவானால் கடல் இரைச்சல்தான். அதைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அம்மா சொன்னது சரி. திரை இருட்டு, ஆனால் மேசைக்குக் கீழே விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. பவர் பட்டனைச் சுற்றி நீல வெளிச்சம். கீபோட்டில் நம் லொக் (Num Lock) விளக்கு எரிகிறது. அந்த விசையை அமத்திப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை. உயிர் இருக்கிறது, உணர்வு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்களே, அந்த நிலை. பவர் பட்டனை நாலைந்து செக்கன் விடாமல் அமத்திப் பிடித்தேன். படக்கென்று அடங்கியது.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். காலையில் ஒரு குறையும் இல்லாமல் எழும்பும். இரவில் மட்டும் படுக்க மாட்டேன் என்கிறது.

1999இல் உயர்தரம் எழுதிவிட்டு ரவுணில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். அங்கிருந்த விண்டோஸ் 98 இயந்திரங்கள் வேலை முடிந்ததும் கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்தில் "இனி நீங்கள் கொம்பியூட்டரை நிறுத்தலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லும். பிறகு நாங்கள் கையால் சுவிட்சைத் தட்ட வேண்டும். அந்தப் பழைய பவர் சப்ளைக்குத் தானாக அணையத் தெரியாது. பின்னால் வந்தவற்றில் உள்ளே இருக்கும் பெரிய பலகை, மதர்போட், அதுவே பவர் சப்ளைக்குச் சொல்லி அணைக்கிறது. அதாவது பட்டனும் ஒரு சுவிட்ச் இல்லை, ஒரு வேண்டுகோள்தான். சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டால் விசிறி விடியும் வரை சுற்றும். எனக்கு அந்த செம்மஞ்சள் எழுத்து மேல் இப்போது மரியாதை கூடியிருக்கிறது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் பிரிண்டர் மேல்தான் சந்தேகம், அதில் இரண்டு பக்கம் அச்சாகாமல் வரிசையில் நின்றது. அதை அழித்தேன், மாற்றம் இல்லை. பென் டிரைவ், பிரிண்டர், வெப் கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அணைத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை. வைரஸ் தேடினேன். பிறகு ஓட்டோவில் வைத்துக் கல்லடிப் பாலம் தாண்டி ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்கவே இல்லை, "மதர்போட் போயிட்டு டீச்சர்" என்றார்கள். இருபத்திரண்டாயிரம் கேட்டார்கள். போட் போன பெட்டி காலையில் எப்படி ஒழுங்காக எழும்பும் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார் அந்தத் தம்பி. போன ஓட்டோவிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

பேராதனையில் படிக்கும் மகன் அன்று இரவு போன் எடுத்தான். கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "ரீஸ்டார்ட் குடுத்தா ஒழுங்கா நடக்குதா?" அதை நான் பார்த்ததே இல்லை. கொடுத்துப் பார்க்கப் போனேன், "பொறுங்க, முதல்ல டாஸ்க் மனேஜரத் திறங்க" என்றான். பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில், சிபியு வரைபடத்துக்குக் கீழே, அப் டைம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது. அதில் 23 நாள் என்று இருந்தது.

இருபத்து மூன்று நாள்! நான் தினமும் அணைக்கிறேன். பட்டனை அமத்திக் கொல்கிறேன். இடி முழங்கினால் அம்மா சுவரில் பிளக்கையே இழுத்துவிடுகிறார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கு ஒன்று உப மின்நிலையத்தில் மோதி நாடு முழுக்க இருண்டதாக அமைச்சர் சொன்னாரே, அதற்குப் பிறகு அம்மாவுக்கு இடியே தேவையில்லை, குரங்கு போதும். அப்படியிருக்க 23 நாள் எப்படி?

மகன் சொன்னதை என் வகுப்பறைக் கணக்கில் சொல்கிறேன். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்தவற்றை மூடி, நம்மை வெளியேற்றிவிடும். அதாவது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் கரும்பலகையை அழிக்காது. விண்டோஸின் உள் மூளை இருந்த நிலையை அப்படியே ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். காலையில் முதலிலிருந்து தொடங்காமல் அந்தக் கோப்பை வாசித்து எழும்பும், அதனால்தான் வேகம். டிஸ்கில் எழுதியிருப்பதால் பிளக்கை இழுத்தாலும் அழியாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். "ஒருக்கா நிறுத்திப் போடுங்க" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த வைத்தியம் பல கோளாறுக்குக் கேட்காமல் போவது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 நாளுக்கு முன் என்ன நடந்தது? மழை இருட்டில், வினாத்தாள் பாதியில், கறண்ட் போனது. பாமினி எழுத்துருவில் அடித்த இரண்டு பக்கம் சேமிக்காமல் போய், அழாத குறையாக இருந்த நாள், மறக்குமா? அன்று கறண்ட் வந்த பிறகுதான் பெட்டி முழுதாகப் புதிதாய் எழும்பியிருக்கிறது. இந்தப் படுக்காத வியாதியும் அந்தக் கிழமைதான் தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்னால் வீட்டுக்கு யார் வந்தது? விடுமுறைக்கு மகன். "டிரைவர் எல்லாம் பழசு" என்று, பெட்டியின் பாகங்களை இயக்கும் மென்பொருள் ஏதேதோ இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் கேட்டதற்குப் "பிறகு" என்று அமத்திவிட்டுப் போனவன் அவன்தான்.

"மனே, இது ஒண்ட வேல."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஷிஃப்ட்டப் பிடிச்சிக்கிட்டு ஷட் டவுன் குடுங்கம்மா" என்றான்.

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் கரும்பலகையையும் துடைத்து முழுதாக அணைக்கும். கொடுத்தேன். திரை கறுத்தது. விசிறி இரண்டு சுற்று தயங்கி நின்றது. நீலம் போனது. நம் லொக் போனது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

அப்படியானால் கோளாறு அந்த அரைத் தூக்கத்தில்தான். தூங்கப் போகும் நேரத்தில் புது டிரைவர் ஏதோ ஒன்று இடையில் காலை நீட்டுகிறது. மேனேஜ்மெண்ட் எஞ்சின் என்ற ஒன்றின் டிரைவர் இப்படிச் செய்வதுண்டாம், பழைய பதிப்பைப் போட்டால் சரிவரும் என்கிறான். அவன் அடுத்த முறை வந்து செய்யட்டும். நான் செய்தது சின்ன வேலை. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்டப்புக்குச் சரி போடும் கட்டம் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே, இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று என்று ஒரு வரி இருக்கிறது. அதை அமத்தினால்தான் கீழே உயிர் வரும். சரி அடையாளத்தை எடுத்துவிட்டுச் சேமித்தேன். நான் அந்த வரியைக் காணாமல் கால் மணித்தியாலம் மங்கல் கட்டத்தையே தட்டிக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

இப்போது காலையில் எழும்ப முன்னையதைவிட அரை நிமிடம் கூட எடுக்கிறது. தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் வந்துவிடும். பட்டனை அமத்திக் கொல்ல வேண்டி வந்தால் ஒன்று மட்டும் பாருங்கள்: டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் எழுதிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் கை வைக்க வேண்டாம்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் இரவு திரும்பவும் அம்மா வாசலில்.

"பிள்ள, இரைச்சல் இல்ல. ஆனா எலி கண்ண முழிச்சிக்கிட்டுக் கிடக்கு."

மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம். பெட்டி அணைந்தாலும் உள்ளே 5 வோல்ட் கொஞ்சம் எப்போதும் ஓடும், பட்டனை அமத்தினால் கேட்க வேண்டுமே, அதற்காக. அதில்தான் மவுஸ் எரிகிறது, இது பழுது இல்லை என்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து சுவர் சுவிட்சைத் தட்டினார். சிவப்பு மெல்ல மங்கி, சில செக்கனில் போனது.