எடிசன் தூண்டில் கண்காட்சியும் ஒரு டாக்சிக்காரரும்

முதலில் அந்த டாக்சி விவகாரத்தைக் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் மற்ற எதையும் நிதானமாக எழுத வராது. நியூ ஜெர்சியில் எடிசன் ரயில் நிலையத்திலிருந்து கண்காட்சி அரங்கத்துக்குச் சில மைல் தூரம்தான். நிலையத்து வாசலில் நின்ற வண்டிக்காரர் நாற்பது டாலர் என்றார். பேரம் பேசினேன், அவர் வானத்தைப் பார்த்தார். பனி தூற ஆரம்பித்திருந்தது. ஏறிவிட்டேன். இறங்கும்போது நாற்பத்தெட்டு கேட்கிறார். எட்டு டாலர் எதற்கு என்றால், என் கையிலிருந்த தூண்டில் கோல் குழாயைக் காட்டி, "நீளமான சாமானுக்குத் தனிக் கட்டணம்" என்கிறார். நான்கு துண்டாகக் கழற்றி அடைக்கிற கோல் அது. குழாய் மூன்றடிகூட இல்லை. வழியெல்லாம் என் மடியில்தான் கிடந்தது. வாசலில் நின்று வாய்ச்சண்டை போட்டு எட்டில் ஐந்தைக் குறைத்தேன். மீதி மூன்று டாலர் இன்னும் வயிற்றில் எரிகிறது.

நடந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அரங்கம் இருக்கும் ராரிட்டன் சென்டர் ஒரு காலத்தில் ராணுவ ஆயுதக் கிடங்கு. இப்போது வரிசை வரிசையாகச் சரக்குக் கிடங்குகள். லாரிகளுக்கு வழி உண்டு, கால்நடையாக வருகிறவர்களுக்கு இல்லை. கார் இல்லாமல் இங்கே வராதீர்கள். பயணத் தகவல்களைக் கடைசியில் ஒழுங்காகத் தருவதாக இருக்கிறேன். ஆனால் இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி பணம் மிச்சம்.

எங்கள் சங்கத்தின் வேனில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்ன மீன்பிடிச் சங்கம் அது. உறுப்பினர்களில் தமிழச்சி நான் ஒருத்திதான். விளம்பரப் பலகை, மடக்கு மேசை, பயிற்சிக் கோல்கள், இறகுப் பெட்டிகள் எல்லாம் வேனில் ஏறிய பிறகு ஆட்களில் இளையவளான என்னை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார்கள். அந்த பஸ்ஸின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. ஹீட்டர் டிரைவருக்கு மட்டும் வேலை செய்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி பூத்திருந்தது. பின்னால் கழிப்பறைக் கதவு ஒவ்வொரு வளைவிலும் தானாகத் திறந்து, அடுத்த வளைவில் தானாகச் சாத்திக்கொண்டது. நாற்றத்தைப் பற்றி எழுதினால் மேலே படிக்க மாட்டீர்கள். நூவர்க்கில் இறங்கி ரயில் மாறி எடிசன் வந்து சேர்ந்தபோது, மீனும் வேண்டாம் தூண்டிலும் வேண்டாம், திரும்பிவிடலாம் என்றிருந்தது.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் அந்த எண்ணம் போன இடம் தெரியவில்லை.

ஃபிளை ஃபிஷிங் ஷோ குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராக நடக்கும் கண்காட்சி. எடிசனில் ஜனவரி மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. கோல், ரீல், படகு, சுற்றுலா விடுதி, இறகு, நூல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் கடைகள். மண்டபத்துக்குள்ளேயே நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, அதன் ஓரத்தில் நின்று வீச்சு கற்றுக்கொடுக்கிறார்கள். மேசைகளில் ஆட்கள் குனிந்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே செயற்கை ஈக்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் முள்ளருகே ஈயக்குண்டு கட்டுவோம். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃபிளை ஃபிஷிங்கில் முனையில் இருப்பது, சின்ன முள்ளில் இறகைச் சுற்றிக் கட்டிய கொசுவளவு ஈ. அதற்குக் கனமே கிடையாது. கனம் முழுவதும் லைன் என்கிற தடித்த நூலில் இருக்கிறது. நான் வைத்திருக்கும் ஐந்தாம் எண் லைனின் முதல் முப்பது அடி சுமார் ஒன்பது கிராம். அந்த ஒன்பது கிராமை முன்னும் பின்னும் காற்றில் விரித்து, ஈ தானாகவே வந்து உட்கார்ந்த மாதிரி ஆற்றில் இறக்க வேண்டும். பிடித்த ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை நாங்கள் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவ்வளவு செலவு செய்து பிடித்ததை விட்டுவிட்டு வருகிறாயா? வீட்டில் குழம்புக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டார். பதில் இல்லை.

எங்கள் மேசைக்கு வந்த முதல் ஆள், அறுபது வயதுக்காரர், பலகையைப் படித்துவிட்டு, "அட, இப்போதெல்லாம் பெண்களும் வந்துவிட்டீர்களா!" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தலைவி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. அவரிடம் போய் இதைக் கேட்கலாமா? மனிதரை உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டார்.

1897இல் மேய்ன் மாநிலம் மீன்பிடி, வேட்டை வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் உரிமம் யாருக்குப் போனது? கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணிக்கு. வங்கியில் வேலை பார்த்தவர். உடம்பு சரியில்லை, திறந்தவெளியில் இரு என்று மருத்துவர் சொல்ல, ஆற்றங்கரைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆறடி உயரம். 1890களில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கண்காட்சியில் மேய்ன் காட்டு மரவீட்டையே அரங்கத்துக்குள் எழுப்பி நிறுத்தினார். அவர் உடுத்தியிருந்த பாவாடை வழக்கத்தைவிடச் சில அங்குலம் குட்டை என்று அதற்கொரு பரபரப்பு. அதாவது, இந்த வகைக் கண்காட்சிகள் தொடங்கிய காலத்திலேயே பெண் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். வெர்மான்ட்டின் மேரி ஆர்விஸ் மார்பரி தன் அப்பாவின் நிறுவனத்தில் ஈ கட்டும் பகுதியை நடத்தியவர். 1892இல் வண்ணப் படங்களோடு ஈக்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். மறு வருடமே சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் தொகுத்த ஈக்கள், ஆறுகளின் புகைப்படங்களோடு பலகை பலகையாக வைக்கப்பட்டன. பெண்களுக்கென்றே ஃபிளை ஃபிஷிங் சங்கம் 1932இலேயே நியூயார்க்கில் ஆரம்பித்தாகிவிட்டது.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்த மனிதர், "ஜோன் வுல்ஃபை எனக்குத் தெரியும்" என்றார், பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்த நிம்மதியில். தெரியாமல் இருக்குமா? தூண்டில் வீச்சில் பேர்பெற்ற பெண்மணி; இதே நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் 1926இல் பிறந்தவர். எனக்குப் பிடித்தது அவருடைய பத்து வயதுக் கதை. அப்பாவின் கோலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய் வீசிப் பார்க்க, கோலின் நுனித் துண்டு கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாரியால் துழாவி எடுத்துக்கொடுத்தார். விஷயம் தெரிந்த அப்பா திட்டவில்லை; வீச்சுப் பயிற்சிக்கு வா என்று கூட்டிப்போனார். அந்தப் பெண் 1951இல் ஆண்கள் மட்டுமே எதிராளிகளாக நின்ற தொலைவீச்சுப் போட்டியில் வென்றார். 1960இல் வீசியது 161 அடி. எனக்கு நாற்பது அடியைத் தாண்டினாலே லைன் தலையில் விழுகிறது.

மத்தியானம் எங்களுக்குத் தொட்டிக்கரையில் கொஞ்ச நேரம் கிடைத்தது. வந்த பெண்களுக்கு வீசக் கற்றுக்கொடுத்தோம். முள்ளுக்குப் பதிலாக நுனியில் ஆரஞ்சு நிறக் கம்பளி நூல். கண்ணில் பட்டாலும் ஆபத்தில்லை. பேத்தியோடு வந்த ஒரு குஜராத்திப் பாட்டி, சேலைக்கு மேல் குளிர்கோட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். பேத்தி வீசினாள்; கையை நிறுத்தாமல் முழு வட்டம் சுற்றினாள்; லைன் காலடியில் குவிந்தது. எல்லோரும் செய்வது அதுதான். வீச்சில் பலம் முக்கியமில்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்ச் சட்டென்று கையை நிறுத்த வேண்டும். நிறுத்துகிற அந்த நொடியில்தான் வளைந்த கோல் நிமிர்ந்து லைனைத் தள்ளும். பாட்டியிடம் கோலைக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், சூடான தோசைக்கல்லில் விரலால் தண்ணீர் தெளிக்கிற மாதிரி என்று சொன்னேன். கை மேலே போனது, நின்றது. பின்னால் லைன் விரியும்வரை காத்திருந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. முன்னால் உதறினார். மஞ்சள் லைன் தொட்டியின் மேல் ஒரே கோடாகப் போய்ப் படுத்தது. கம்பளி நூல் கடைசியில் விழுந்தது. பக்கத்துத் தொட்டிக்கரை ஆட்கள் கைதட்டினார்கள். பாட்டி கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது என்ன விலை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த விளையாட்டின் சாபம். நல்ல கோல் என்று கையில் எடுத்தால் ஆயிரம் டாலர் சர்வ சாதாரணம். மூங்கில் கோல் அதற்கும் மேலே. தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாக வைத்துவிட்டேன். ஈ கட்டுவதற்கென்றே வளர்க்கிற சேவல்களின் கழுத்துத் தோல், இறகோடு, தரமானதென்றால் நூறு டாலரை நெருங்குகிறது. 2011இல் இந்த இறகுகளைத் தலைமுடியில் கட்டிக்கொள்ளும் மோகம் பரவி, அழகு நிலையங்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டுபோக, மீன்பிடிக்கிறவர்களுக்கு இறகே கிடைக்காமல் போனது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

என்னை உலுக்கியது மயிலிறகுதான். நான் விராலிமலைப் பக்கம் பிறந்தவள். வேலியோரம் கிடக்கும் மயிலிறகைப் பொறுக்கி, புத்தகத்தில் வைத்து, குட்டி போடும் என்று காத்திருந்த கூட்டம் நாங்கள். இங்கே ஒரு கண்ணுள்ள இறகை உறையில் போட்டு நான்கு டாலருக்கு விற்கிறார்கள்! இந்தியாவிலிருந்து மயிலிறகை ஏற்றுமதி செய்யத் தடை இருப்பதால் ஊரிலிருந்து கொண்டுவரவும் வழியில்லை. வாங்கினேன். எங்கள் மேசையில் நான் கட்டிக் காட்டிய கிரிஃபித்ஸ் நாட் என்ற ஈக்கு அது இல்லாமல் முடியாது. பதினெட்டாம் எண் முள், அதாவது ஒரு சென்டிமீட்டரைவிடச் சிறியது. மயிலிறகின் இரண்டு இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்ற வேண்டும். முறுக்காமல் சுற்றினால் முதல் மீனின் பல்லிலேயே அறுந்துவிடும். அதன் மேல் கறுப்பு வெள்ளை வரியோடிய சேவல் இறகைச் சுருளாகச் சுற்றி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் அந்தப் பொடி உடம்பில் பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னும்.

ரப்பர் கால்சட்டை விற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஆற்றில் இறங்கி நிற்க, மார்பு வரை ஏறும் அந்த வேடர்ஸ் பெண்களுக்கென்று இப்போது நன்றாகவே தைக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்களுக்குப் பத்து அளவு தொங்கும் இடத்தில் எங்களுக்கு மூன்று. ஆற்றின் நடுவில் அவசரம் வந்தால் ஆணுக்கு ஒரு ஜிப் போதும். பெண் தோள்பட்டையிலிருந்து எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும். இதற்கு வழி செய்த தைப்புகளும் வந்துவிட்டன. விலையைப் பார்த்தால் அவசரமே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

எங்களில் ஒருவர் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். 1996இல் தொடங்கிய காஸ்டிங் ஃபார் ரிகவரி என்ற அமைப்பு, அப்படிப்பட்ட பெண்களை இலவசமாக அழைத்துப்போய் ஃபிளை ஃபிஷிங் கற்றுத்தருகிறது. கோலை மெதுவாக ஏற்றி இறக்கும் அசைவு, அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கைக்கும் தோளுக்கும் நல்லதாம். அன்று அதிகப் பெண்களைப் பேச வைத்து எங்கள் மேசைக்கு இழுத்தது அவர்தான். பெரிய பேச்செல்லாம் இல்லை, கையைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவே.

இரவுச் சாப்பாட்டுக்கு வேனில் எல்லோரையும் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டுக்கு விடச் சொன்னேன். எடிசனுக்கு வந்துவிட்டு மோட்டல் பர்கர் சாப்பிடுவதா? நகைக்கடை, சேலைக்கடை, பாத்திரக்கடை தாண்டி ஒரு செட்டிநாட்டு உணவகம். பரிமாறிய பையன், "அக்கா, இவர்களுக்குக் காரம் குறைக்கச் சொல்லட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். மண்சட்டியில் மீன் குழம்பு வந்தது, மேலே நல்லெண்ணெய் மிதக்க. வஞ்சிரம் வறுவலின் ஓரம் மொறுமொறுவென்று கருகியிருந்தது. மிளகும் சோம்பும் தூக்கலாக. எங்கள் தலைவி பல வருடங்களாகப் பிடித்த ஒவ்வொரு ட்ரவுட்டையும் முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விடுகிறவர். அவர் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே முள்ளை நீக்கி, இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று வாங்கினார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். இந்த மீனை யாராவது விட்டிருந்தால் மன்னித்திருக்க மாட்டேன் என்றார். தலைக்கு வந்த பில், டிப்ஸோடு சேர்த்து, டாக்சிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

தகவல்கள் தருவதாகச் சொன்னேன் அல்லவா? சுருக்கமாக: காரில் வாருங்கள், நான்கு பேர் சேர்ந்து வாருங்கள். ரயில்தான் என்றால் மெட்ரோபார்க்கில் இறங்குங்கள். ஓக் ட்ரீ ரோடு பக்கம். சனிக்கிழமை கூட்டம் நெரியும். கோல் எதையும் வாங்காமல் தொட்டிக்கரையில் வீசிப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். கையில் புளியோதரை இருக்கட்டும்.

எங்கள் பதிவேட்டில் அன்று நிறையப் பெண்கள் பெயர் எழுதினார்கள். வசந்த காலத்தில் யெல்லோ பிரீச்சஸ் ஓடையில் வகுப்பு. கோல், ரீல், ஈ, ரப்பர் கால்சட்டை எல்லாம் சங்கம் கொடுக்கும். தடித்த கம்பளிக் காலுறை மட்டும் கொண்டுவந்தால் போதும். பென்சில்வேனிய மீன்பிடி உரிமத்தையும் ட்ரவுட் அனுமதியையும் அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சங்கம் ஒரு காசு தராது என்று எங்கள் பொருளாளர் பெயர் எழுதிய ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.